மடையோரம் ஒரு முழுக்கு

கொடியில் காய்ந்த வெள்ளைச் சேலையை முத்தழகு உதறி மடித்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்கு வைக்கோல் உருவிக்கொண்டிருந்த மாயக்கண்ணனின் கை அதைப் பார்த்ததும் நின்றுவிட்டது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு அவள் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாள். அதுவும் ஊர்க் கண்மாயில்.

அந்தக் கண்மாயில்தான் அவர்களுடைய ஒரே மகள் அக்கம்மாள் போனாள். அறுபத்தொன்பதாம் வருஷம் மழை ஓய்ந்த சமயம், ஆம்பல் பறிக்க இறங்கியவள் மடைப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டாள். அடக்கம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம், முத்தழகு அதே மடைக்கு எதிரே கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அவன்தான் முடியைப் பிடித்து இழுத்துவந்தான். "எம் மக கூப்புடுறா, விடுங்க" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அவள் கண்மாய்ப் பக்கமே போகவில்லை. துணி அலசுவது, மாடு குளிப்பாட்டுவது எல்லாம் அவன் வேலையாயிற்று.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பிள்ளை தண்ணிக்குப் போறப்ப நீ எங்க இருந்த? கல்லலிலிருந்து சைக்கிளில் வந்த போதகர் வேதமாணிக்கம் மட்டும் அதைக் கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, "அழுங்கம்மா. ஆண்டவரும் சிநேகிதன் கல்லறைக்கிட்ட நின்னு அழுதவருதான்" என்றார். சாமி கூட அழுமா என்று அவள் கேட்டாள். அங்கிருந்துதான் தொடங்கியது. ஜெபவீட்டுக்குப் போய்வர ஆரம்பித்ததும் அவளுக்குத் தூக்கம் வந்தது. நேரத்துக்கு உலை வைத்தாள். போன தையில் களத்தில் நெல் தூற்றும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். மாயக்கண்ணனுக்கு அந்தச் சாமியைத் தெரியாது. ஆனால் தன் பெண்டாட்டியைத் திருப்பித் தந்த சாமி என்று மனசுக்குள் ஒரு மரியாதை உண்டு.

இந்த முழுக்குதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"மானகிரித் தோட்டத்துத் தொட்டியில வச்சுக்கலாம்னு போதகர் ஐயா சொன்னாருல்ல. ஒனக்கு எதுக்கு இந்தக் கண்மாயி?"

சேலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அவனைப் பார்த்தாள். "தண்ணிக்குள்ள முங்குறது ஆண்டவரோட குழிக்குள்ள போறதாம். எந்திரிக்கிறது அவரோட எந்திரிக்கிறதாம். இத்தன நாளா, அங்குட்டுச் சாவுதான் செயிச்சதுன்னு பயந்து கெடந்தேன். சாவையே செயிச்சவருன்னா, அந்த மடையிலயும் அவருதான செயிக்கணும்?"

"அப்ப அக்கம்மா எந்திரிச்சு வந்துருவாளாக்கும்?"

சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கோபப்படவில்லை.

"வருவா. நாளைக்கு இல்ல, அவரு வரும்போது வருவா. நீக கரையில வந்து நிக்கிறீகளா?"

மறுநாள் கண்மாய் நிறைந்து கிடந்தது. ஜெபவீட்டுக்காரர்கள் கரையில் நின்று பாடினார்கள். ஊர்ச் சனம் அய்யனார் கோயில் மரத்தடியிலிருந்து வேடிக்கை பார்த்தது. போதகர் முதலில் இறங்கிக் கையை நீட்டினார். தண்ணீர் பட்டதும் முத்தழகு காலைப் பின்னுக்கு இழுத்ததைக் கரையிலிருந்தே மாயக்கண்ணன் பார்த்தான். அவள் நின்றாள். திரும்பிவிடுவாள் என்று நினைத்தான். திரும்பிவிட வேண்டும் என்றும் நினைத்தான். அவள் அடுத்த காலை எடுத்து வைத்தாள்.

போதகர் ஜெபித்து, அவளைப் பின்னால் சாய்த்தார். வெள்ளைச் சேலை ஒருகணம் உப்பி மேலே நின்றது. பிறகு அதுவும் உள்ளே போனது. தண்ணீர் மூடிக்கொண்டது. பாட்டு அவன் காதில் விழவில்லை. அன்றைக்கு மகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிய கனம் இரண்டு கையிலும் வந்து உட்கார்ந்தது.

அவள் எழுந்தாள். முடி முகத்தில் ஒட்டியிருக்க, கரை வரைக்கும் கேட்கும்படி மூச்சை இழுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தவள், "நீக எப்ப எறங்குனீக?" என்றாள்.

அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. வேட்டி மிதக்க, இடுப்பளவுத் தண்ணீரில் அவளுக்கு ஓர் எட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தான். கைகள் முன்னால் நீண்டிருந்தன.

"மூச்சு நல்லா வருதாடி?"

"வருது" என்று அவள் சிரித்தாள்.

ஒனக்குப் புண்ணியமாப் போகும் சாமி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான். மரத்தடி அய்யனாருக்குச் சொன்னானா, அவளுடைய ஆண்டவருக்குச் சொன்னானா என்று அவனுக்கே விளங்கவில்லை. போதகர் கரையேறிவிட்டார். முத்தழகு ஏறவில்லை. இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, புழுதியில் விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்குச் செய்வதுபோல, அவன் முகத்தைக் கழுவிவிட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து காட்டினான்.