நகர்த்தாத பைகள்

முதல் செடிப் பையைத் தூக்கியதும் அடியில் 'பட்' என்று ஒரு சத்தம். நர்சரிக்காரியின் கை அப்படியே நின்றது. அடுத்த பையைத் தூக்கினாள். அதே சத்தம். மூன்றாவதைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"தம்பி, நான் ஊர்ல இல்லாத அஞ்சு வாரத்துல ஒரு தடவையாவது பையை நகர்த்தி வெச்சியா?"

தண்ணீர்க் குழாயோடு நின்ற கொழுந்தன் சிரித்தான். "நல்லா இருக்கிற செடியை எதுக்கு அண்ணி நோண்டணும்? தண்ணி ஒரு நாள் தப்பல. நீங்க மகளுக்குப் பிரசவம் பாத்துட்டு வர்றதுக்குள்ள இதுங்களையும் நான் வளர்த்து ஆளாக்கிட்டேன். மோட்டார் பக்கம் நிக்குதே, அந்தச் சவலைங்கதான் எனக்குக் கெட்ட பேரு."

இடம் போதாமல் மோட்டார் அறையை ஒட்டிய சிமெண்டுத் தரையில் அவள் அடுக்கிவிட்டுப் போன ஐம்பது பைகளைச் சொன்னான். அவை முழங்கால் உயரம்கூட வரவில்லை. மண் தரையில் நின்ற முந்நூற்றைம்பதும் இடுப்பளவு, நுனியெல்லாம் மஞ்சள் மொட்டு.

எல்லாமே ஆவாரை. அதன் விதைத்தோல் கல் மாதிரி. கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்து, உப்பியவற்றை மட்டும் பொறுக்கி விதைத்தவள் அவள்தான். ஆனால் ஆவாரையின் ஆணிவேருக்குப் பொறுமை கிடையாது. பையின் துளை வழியாகத் தரைக்குள் இறங்கிவிடும். பத்து நாளுக்கொரு முறை பையை நகர்த்தினால் வெளியே நீண்ட நுனி காய்ந்து, வேர் உள்ளேயே கிளை விடும். நகர்த்தாத செடி பையில் நிற்பதாகத் தெரியும்; குடிப்பதெல்லாம் தரையிலிருந்து. தூக்கினால் அந்த வேர் 'பட்'டென்று அறும்.

நானூறு செடி கேட்டிருந்த அரசு அதிகாரி பதினோரு மணிக்கு லாரியோடு வருகிறார். மருத்துவமனைக்குப் பின்னால் மண் சரியும் மேட்டில் இன்றே நடவு. நர்சரி இருக்கும் இடமும் அவர் துறையுடையது. குத்தகை இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும்.

அவள் இதையெல்லாம் சொல்லக் கேட்டு முடித்தபோது கொழுந்தன் குழாயைக் கீழே போட்டிருந்தான்.

"ஏத்தி விட்டுடலாம் அண்ணி. போய்ச் சேர்ற வரைக்கும் பச்சையாத்தான் இருக்கும்."

"அப்புறம்?"

"வெயில் ஜாஸ்தின்னு சொல்லிக்கலாம். நான் வேற அவர்கிட்ட போன்ல பூத்துக் குலுங்குதுன்னு அளந்து விட்டுட்டேன்."

அவள் வேர் அறுந்த செடி ஒன்றைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். மணி பத்து இருபது.

அதிகாரி பத்தே முக்காலுக்கே வந்துவிட்டார். வரிசையோரம் நடந்தவர் மொட்டுகளைத் தடவிப் பார்த்தார். "அடேங்கப்பா! போன வருஷம் வேற இடத்துல வாங்கினோம், வெறும் குச்சி." திரும்பி டிரைவரைக் கூப்பிட்டார். "ஏத்துப்பா."

கொழுந்தன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். டிரைவர் லாரியின் பின்கதவைத் திறந்தார். முதல் வரிசைக்கு வந்து குனிந்தார்.

"அண்ணா, தொடாதீங்க!"

குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. மேசைமேல் இருந்த செடியை எடுத்து வந்து அதிகாரியின் முன்னால் வைத்தாள். இலைகள் அதற்குள் துவண்டு தொங்கின. "சார், இது அரை மணி முன்னாடி இந்த வரிசையில நின்னதுதான்."

அவர் குனிந்து பையின் அடியைப் பார்த்தார். விரல் கனத்தில் வேர், பிய்ந்த நார் வெள்ளையாகத் தெரிந்தது.

"எல்லாமே இப்படியா?"

"மண்ணுல நிக்கிறது எல்லாம்." மோட்டார் அறைப் பக்கம் போய் ஒரு சவலையைத் தூக்கினாள். சத்தமில்லாமல் வந்தது. பையைக் கிழித்தாள். மண் உதிராமல் உருண்டையாக நின்றது; சுற்றிலும் சல்லிவேர். "சிமெண்டுக்குள்ள இறங்க முடியாம உள்ளேயே பிடிச்சிருக்கு. இந்த ஐம்பதையும் தைரியமா நடுங்க. மத்ததை வேரறுத்து, நிழல்ல வெச்சு, மூணு வாரத்துல தர்றேன். எத்தனை பிழைக்கும்னு இப்பச் சொல்ல முடியாது."

"நானூறு கேட்டேன்மா."

"தெரியும் சார்."

அவர் கிழிந்த பையையும் மொட்டு வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "மாசம் முடிய இருபத்தாறு நாள் இருக்கு. மூணு வாரத்துல நானே வந்து பாக்கறேன். உயிரோட நிக்கிறதைப் பாத்துட்டுத்தான் கையெழுத்து."

ஐம்பது செடிகளோடு லாரி முக்கால்வாசி காலியாகத்தான் போனது.

கொழுந்தன் முதல் வரிசையில் மண்டியிட்டு மொட்டுகளைக் கிள்ளத் தொடங்கினான். வாளியில் மஞ்சள் ஏறியது. "எல்லாத்தையுமா அண்ணி?"

"எல்லாத்தையும். இலையிலயும் பாதி. வேர் குறைஞ்ச செடியால அவ்வளவுக்கும் தண்ணி குடுக்க முடியாது."

மூன்றாவது பையைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி, மண் ஊறும்வரை காத்திருந்தாள். பிறகு பைக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய கத்தியை நுழைத்து ஒரே இழுப்பில் வேரை அறுத்தாள். சத்தம் வரவில்லை.