ஈரத்தோடு மூடிய பெட்டி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பஞ்சாட்சரத்தின் மூக்குக்குப் பேர் அதிகம், வாய்க்குப் பயம் அதிகம். பேக்கிங் சூப்பர்வைசர். பெட்டியைத் திறந்ததும் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்துதான் பாஸ் போடுவார்.

போன மாதம் ஒரு ஜோடியில் பூஞ்சை. பேக் செய்த கிறிஸ்டினாவிடமே அதைக் கொடுத்து, கேன்டீன் வாசலில் நிற்க வைத்தார்.

"ஈரத்தோட மூடுனா பூஞ்சை பூக்காம மல்லியா பூக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். கிறிஸ்டினா சிரிக்கவில்லை.

அப்படிக் கேட்ட பஞ்சாட்சரத்தின் வாயில் மேல்வரிசை முழுக்கப் பல்செட் என்பது கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துவிடுமோ என்று நான்கு வருஷமாகத் தூக்கத்தில்கூடக் கழற்றவில்லை மனிதர்.

வியாழக்கிழமை ஜெர்மன்காரர் சரக்கு பார்க்க வருகிறார். அவரைத் திருப்திப்படுத்தினால் மேனேஜர் நாற்காலி. அந்த நேரம் பார்த்து அண்ணம் எரிந்தது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி ஒரு வாரம் விழுங்கினார். எரிச்சல் இரட்டிப்பானது. புதனன்று, அந்தப் பல்செட்டைப் போட்டுவிட்ட பல் டாக்டர் அம்பரீனிடம் ஓடினார்.

பல்செட்டைக் கழற்றியதும் டாக்டர் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மாத்திரை யாரு குடுத்தாங்க அங்கிள்?"

"நானேதாம்மா."

"சபாஷ்! பாக்டீரியாவும் பூஞ்சையும் தோஸ்துங்க மாதிரி ஒட்டிக்கினு செட்டு மேல படலம் கட்டிருக்கு. ஆனா இடத்துக்கு அடிச்சிக்கவும் செய்யும். நீங்க பாக்டீரியாவைக் கம்மி பண்ணி, பூஞ்சைக்கு இடத்தைக் காலி பண்ணிக் குடுத்துட்டீங்க. ராத்திரில கழட்டுவீங்களா?"

பஞ்சாட்சரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"நாலு வருஷம் ஈரத்துலயே மூடி வெச்சா பூஞ்சை வராம..."

"மல்லியாம்மா பூக்கும்," என்று அவரே முடித்தார்.

"மருந்து தடவுங்க. ரெண்டு வாரம் செட்டு போடவே கூடாது."

"நாளைக்கு ஜெர்மன்காரன் வர்றான்மா!"

"அவரு ஷூ பாக்கத்தானே வர்றாரு?"

மறுநாள் மாஸ்க் மாட்டி நின்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, முதலாளி பெருமையடிக்கும் வரை.

"எங்காளு மூக்காலயே சொல்லிடுவாரு. மோந்து காட்டுங்க பஞ்சாட்சரம்!"

ஜெர்மன்காரர் ஆவலாகப் பெட்டியை நீட்டினார். மாஸ்க் இறங்கியது. கன்னம் இரண்டும் குழிந்து, உதடு உள்ளே போன அந்த முகத்தைப் பேக்கிங் வரிசை மொத்தமும் பார்த்தது. அவர் முகர்ந்தார், தலையசைத்தார். சரக்கு பாஸ். நாற்காலியும் பாஸ்.

கைதட்டல் ஓய்ந்ததும் கிறிஸ்டினா, அவர் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து விழுந்த வாய்ப் பூஞ்சை மருந்தை எடுத்து நீட்டிப் பணிவாகக் கேட்டாள்.

"சார், கேன்டீன் வாசலுக்கு நீங்களே போறீங்களா, இல்ல நாங்க கூட வரணுமா?"

புது மேனேஜருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நறநறவென்று கடிக்கத்தான் பல் இல்லை.