விமானம் கழற்றிய வாழ்த்து அட்டை

மாரி மழை பிடித்துவிட்டால் நிஸ்றாவுக்கு ஒட்டுகிற கம் காய்வதில்லை. ஒட்டிய இடம் காயுமுன்பே பிறிஸ்டல் போட் மட்டை நெளிந்துவிடும். பழைய புத்தகங்களுக்குள் அழுத்தி வைத்த பூக்களில் பூஞ்சணம் படரும். ஏறாவூரில் வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு வாழ்த்து அட்டை செய்து, பேஸ்புக்கில் படம் போட்டு விற்கிறவள் அவள். கடதாசியை மெல்லிய கீலங்களாக வெட்டி ஈர்க்கில் சுற்றிப் பூவாக்குவாள். திறந்தால் எழும்பி நிற்கும் பொப்-அப் அட்டைதான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பேர் வந்ததோடு மணிக்கட்டு வலியும் வந்து குந்திக்கொண்டது.

ஸஹீதாவை அவள் நேரில் கண்டதில்லை. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிற காத்தான்குடிப் பெண். கோப்பை கழுவும் சத்தத்துக்குள் இருந்து தணிந்த குரலில் வொய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். வருசா வருசம் மகள் அகீலாவின் பிறந்தநாளுக்கு ஒரு கார்ட் வேண்டும். அதை நிஸ்றாவே கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளை திறக்கிறதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

இந்த முறை ஸஹீதாவின் குரலில் சிரிப்பு இருந்தது.

"ராத்தா, உள்ளுக்க ஒரு பிளேன் வைங்க. திறந்தா எழும்போணும். நான் வாறன் எண்டெல்லாம் எழுத வேணா. பிளேன் மட்டும் போதும்."

நிஸ்றா மனதோடு செய்தாள். மை தீர்ந்த பேனையால் மடிப்புக் கோடு கீறி, நீல வானத்தில் ஒரு கீற்று வெட்டி, அதற்குள் விமானத்தைச் செருகினாள். மேகத்துக்குப் பஞ்சு. கீழே கடதாசிச் சுருளால் வாவி, அதில் ஒரு தோணி. திறந்தால் விமானம் வாவிக்கு மேலாகத் தாழ்ந்து வந்தது.

எல்லாம் முடிந்து, கொண்டுபோக ஆயத்தமானபோது அடுத்த வொய்ஸ் வந்தது.

"ராத்தா, அந்தப் பிளேன எடுத்துடுங்க. வேற வேலக்காரி கிடைக்காம இந்த ஊட்டுக்காரங்க என்ன ஊருக்கு உடமாட்டாங்களாம். எப்ப எண்டும் சொல்றாங்க இல்ல."

புதிதாக ஒன்று செய்ய நேரமுமில்லை, உடம்பில் தெம்புமில்லை. கட்டரால் விமானத்தைக் கிளப்பினாள். அது கழன்றபோது வானமும் கிழிந்து வந்தது. கிழிசலை மறைக்கப் பெரிய கடதாசி ரோசாப்பூ ஒன்றைச் சுற்றி ஒட்டினாள். நடு வானத்தில் ஒரு பூ. பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

காத்தான்குடியில் ஆத்தங்கரைப் பக்கம் அந்த வீடு. ஸஹீதாவின் புருசன் நளீர் வாசலில் கிழிந்த மீன் வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். "உள்ளுக்க போங்க ராத்தா, புள்ள காத்துக்கிட்டு இரிக்கா" என்றான்.

அகீலா வீடியோவுக்காகத் தலை சீவி, பெருநாள் சட்டை போட்டிருந்தாள். நிஸ்றா போனைத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளை கார்ட்டைத் திறந்தாள். ஒரு கணம் அப்படியே பார்த்தாள். பிறகு முகம் நிறையச் சிரித்தாள்.

"உம்மா, பூ நல்ல வடிவு! எனக்கு நல்லாப் புடிச்சிரிக்கி!" கார்ட்டைக் கொஞ்சிக் காட்டினாள்.

"அனுப்பிட்டீங்களா மாமி?"

"ஓம்."

சிரிப்பு நின்றது. பிள்ளை பூவின் இதழை நகத்தால் மெல்ல நெம்பினாள். அடியில் கிழிசல் தெரிந்தது.

"இதுல பிளேன் இருந்ததா?"

நிஸ்றா கிழிசலை விரலால் மூடினாள்.

"உம்மா சொன்னா, இந்த முறை கார்ட்டத் திறந்து பாரு, நான் பிளேன்ல வாறனா கப்பல்ல வாறனா எண்டு விளங்கும் எண்டு. ரெண்டும் இல்லயே, தோணி மட்டும்தான் இரிக்கி."

அந்த நேரம் பார்த்து ஸஹீதாவின் பதில் வந்தது. யோசிக்காமல் நிஸ்றா அதைத் தட்ட, குரல் பிள்ளைக்கும் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ் ராத்தா, புள்ள சந்தோசமா இரிக்கா. பகிடியா ஒரு கத சொல்லியிருந்தன், மறந்திட்டாபோல."

அகீலா நிஸ்றாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிராதீங்க மாமி. உம்மா அழுதா அந்த ஊட்டுக்காரங்க ஏசுவாங்க."

நிஸ்றா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"ஸஹீதா இப்ப வரமாட்டா எண்டு நீங்க புள்ளைக்கிட்டச் சொல்லல்லயா?" என்று நளீரிடம் கேட்டாள்.

அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்படிச் சொல்ற? நீங்க வந்து கார்ட்டக் குடுத்தா சமாளிச்சிருவா எண்டு நினச்சன்."

தாய், தகப்பன், பிள்ளை மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லத் தயங்கியதெல்லாம் அந்த ஒரு கடதாசியின் தலையில் ஏற்றப்பட்டிருந்தது. அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்தது அவள். அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கோபப்படவும் களைப்பாக இருந்தது. போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"ஸஹீதா, புள்ளைக்கு எல்லாம் விளங்கிட்டு. உங்களுக்காகத்தான் சிரிச்சா. வேல முடிஞ்சதும் நீங்களே எடுத்துப் பேசுங்க. இதுக்கு மேல என்ட கார்ட்டால ஏலா."

கதவடியில் நின்று கேட்ட அகீலா அவளை முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"கொஞ்சம் இருங்க. தேத்தண்ணி ஊத்துறன்" என்று நளீர் எழுந்தான். மற்ற வருசங்களில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சாட்டுச் சொல்லிப் போய்விடுகிறவள் அன்று இருந்தாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு நளீரின் போன் அடித்தது. பிள்ளை அதை அடுப்பு இருந்த குசினிக்குள் கொண்டுபோனாள். முதலில் "உம்மா" என்றது மட்டும் கேட்டது. பிறகு ஓவென்று ஒரு அழுகை. போனுக்குள்ளிருந்தும் இன்னொரு அழுகை கேட்டது. நளீர் குசினி வாசல்வரை போய், உள்ளே போகாமல் சுவரில் சாய்ந்து நின்றான். அழுகை ஓய்ந்து கதை தொடங்கியது. நெடுநேரம் கதைத்தார்கள்.

வெளியே வந்த பிள்ளையின் கண் வீங்கியிருந்தது. "எப்ப எண்டு உம்மாவுக்கும் தெரியாதாம். தெரிஞ்சா என்கிட்டத்தான் முதல்ல சொல்லுவாவாம்" என்று வாப்பாவிடம் சொல்லி, அவனோடு ஒட்டி இருந்துகொண்டாள். நிஸ்றாவின் பக்கம் திரும்பவே இல்லை. நிஸ்றாவும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெறுங் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

பஸ்ஸில் டியூஷன் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். கல்லடிப் பாலம் தாண்டி, டவுனில்தான் அவளுக்கு இருக்கை கிடைத்தது. தலையைச் சாய்த்ததுதான் தெரியும். கண் விழித்தபோது ஏறாவூர் பின்னுக்குப் போய், பஸ் செங்கலடியில் நின்றுகொண்டிருந்தது. இறங்கினாள். திரும்பிப் போக பஸ் வரும். அவசரமில்லாமல் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் போய் இருந்தாள்.