கோட்டைச்சாமியின் தவளைத்தொட்டி

எம். புதுப்பட்டியில் கோட்டைச்சாமி முதலாளிக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி உண்டு. கூடவே அறிவும் உண்டா என்று வள்ளித்தாயிடம் கேட்டால், "அதுக்கும் லைசென்சு கேட்டிருப்பாக, கெடச்சிருக்காது" என்பாள். முதலாளி எதிரே வந்தால் கும்பிடு போடுவாள். அவர் தலை மறைந்ததும் மண்ணில் காறித் துப்புவாள்.

வள்ளித்தாய் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தது. தீப்பட்டால் கை காலை முக்குவதற்கு அதில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது சட்டம். கோட்டைச்சாமி சட்டத்தை மதிக்கிறவர்தான். சோதனை போட ஆபீசர் வருகிற நாளில் மட்டும் மதிப்பார். லாரித் தண்ணீர் வந்து தொட்டிகள் நிறையும். ஆபீசர் காபி குடித்துவிட்டுக் கிளம்பியதும் அத்தனை தண்ணீரும் முதலாளி வீட்டுத் தென்னைக்குப் போய்விடும். மற்ற நாளில் தொட்டிக்குள் வேப்பஞ்சருகும் பிஸ்கட் கவரும்தான் கிடக்கும்.

போன சீசனில் பக்கத்து ரூமில் வேல்விழி கையில் தீப்பிடித்தது. அலறிக்கொண்டு ஓடி வந்து தொட்டிக்குள் கையை விட்டவள் சருகைத்தான் அள்ளினாள். அந்தப் பிள்ளையால் இன்றைக்கும் விரலை மடக்க முடியாது. அன்றிலிருந்து வள்ளித்தாய்க்கு வேறு வேண்டுதலே கிடையாது. தன் ரூம் வாசல் தொட்டியில் தண்ணீர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைக்கிற யோகலட்சுமி, கல்யாணமாகி வந்த புதுப்பெண். அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் வள்ளித்தாய்க்கு வேல்விழியின் விரல்கள்தான் நினைவுக்கு வரும்.

முதலாளியிடம் கேட்டும் பார்த்துவிட்டாள்.

"தண்ணி நின்னா கொசு வரும் தாயி. கொசு வந்தா டெங்கு வரும். உங்க நல்லதுக்குத்தான சொல்றேன்" என்றார்.

அந்தப் பாசத்துக்காக வள்ளித்தாய் அன்றைக்கு மண்ணில் ரெண்டு தடவை துப்பினாள்.

கோட்டைச்சாமி மகாலிங்கத்தைக் கும்பிட அமாவாசை தவறாமல் சதுரகிரி மலை ஏறுகிறவர். ஏறுகிறவர் என்பது பேச்சுக்கு. பாதி மலையிலேயே மூச்சு வாங்கி, ஓடைப்பாறையில் உட்கார்ந்து வடை தின்றுவிட்டு இறங்கிவிடுவார். ஆடி அமாவாசைக்குப் போனவர், ஓடைக்கரையில் பசேலென்று நின்ற செடிகள் மேல் ஆசைப்பட்டு, காட்டிலாகாக்காரர்கள் கண்ணில் படாமல் டிரைவரை விட்டு வேரோடு பெயர்த்துக்கொண்டு வந்தார். ஆபீசர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவற்றைப் பூந்தொட்டியில் வைத்து வள்ளித்தாய் ரூம் வாசலில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நிறுத்தினார்கள். அந்த ஆபீசரோ நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். அதனால் தண்ணீரும் அந்த வாரம் முழுக்க நின்றது.

ஒருநாள் காலையில் போர்மேன் மொக்கைச்சாமி கத்தினான். "எவ இங்கன சோப்பு நுரைய அப்பி வச்சது?"

தண்ணீருக்கு மேலே சாய்ந்திருந்த இலையில் வெள்ளையாக ஒரு நுரை உருண்டை ஒட்டியிருந்தது. அதற்கு மேல் கிளையில் ஒடிசலாக ஒரு பச்சைத் தவளை, விரல் நுனியெல்லாம் தட்டையாகப் பரத்தி ஒட்டிக்கொண்டிருந்தது. செடியோடு சேர்ந்து மலையிலிருந்து வந்துவிட்ட ஜோடியில் ஒன்று. வள்ளித்தாய் மலையடிவாரத்தில் பிறந்தவள். ஓடைக்கு மேல் தொங்கும் இந்த நுரையைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். உள்ளே முட்டை இருக்கும், பொரிந்ததும் குஞ்சு கீழே தண்ணீரில் விழும் என்பதும் தெரியும்.

ஒருவழியாக ஆபீசர் வந்து போனார். மொக்கைச்சாமி தொட்டியைக் காலி பண்ண வாளியோடு வந்தான். வள்ளித்தாய் அவனிடம் வாயைக் கொடுக்கவில்லை. நேரே ஆபீஸ் ரூமுக்கு நடந்தாள்.

"மொதலாளி, நீங்க இங்கன உக்காந்திருக்கீக. மகாலிங்கம் உங்க பின்னாடியே எறங்கி வந்திருக்காரு!"

"என்ன தாயி சொல்ற?"

"மலைத்தவளை முட்ட வச்சிருக்கு. அது எந்த எடத்துல வைக்குதோ அந்த எடம் கொளிக்கும். ஆனா குஞ்சு விளுகையில கீள தண்ணி இல்லன்னா, அந்த வருசம் ஒரு லோடு கூட ஏறாதுன்னு எங்க ஊருல சொல்லுவாக."

அவள் ஊரில் யாரும் அப்படிச் சொன்னது கிடையாது. ரூமிலிருந்து ஆபீசுக்கு நடக்கிற நேரத்தில் அவளே கட்டிவிட்டது அது.

கோட்டைச்சாமி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். செடிக்குக் கீழே நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். தவளை அவர் நெற்றியில் மூத்திரம் பெய்துவிட்டுத் தாவியது. தீர்த்தம் என்று தலையில் தடவிக்கொண்டார். வள்ளித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்தி மேலிட்டு அழுகிறாள் என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தொட்டிக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. வெளிப்பக்கம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்குமாம். கேன் தண்ணீர் ஊற்றினார்கள். 'தொட்டியில் கை வைக்கக் கூடாது' என்று போர்டும் மாட்டினார்கள்.

"தவளைக்குக் கேன் தண்ணி, நமக்கு உப்புத் தண்ணியாக்கா?" என்று யோகலட்சுமி கேட்டாள்.

"குடிச்சிட்டுப் போகட்டும். தொட்டி நெறஞ்சிருக்கா, அதப் பாரு."

ஒரு மழைநாளில் நுரை கரைந்து குஞ்சுகள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தன. தினமும் காலையில் முதலாளி வந்து குனிந்து பார்ப்பார். கால் முளைத்துவிட்டதா என்று வீட்டிலிருந்து போன் போட்டும் விசாரிப்பார். வேல்விழியின் கையை விசாரிக்க அந்தப் போன் ஒருநாளும் அடித்ததில்லை. கால் முளைத்து இதுகள் போய்விட்டால் தண்ணீரும் போய்விடுமே என்பதுதான் வள்ளித்தாயின் கவலை.

தீபாவளி ஆர்டருக்கு அவசர அவசரமாக வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அடைக்கையில் உரசி, சுர்ரென்று தீ கிளம்பியது. நல்லவேளை, ரூமில் மருந்து கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. ஆனால் யோகலட்சுமியின் சட்டைக்கை பற்றிக்கொண்டது. வள்ளித்தாய் அவளை வாசலுக்கு இழுத்து வந்து, போர்டைத் தள்ளிவிட்டு, தோள் வரைக்கும் தொட்டிக்குள் முக்கிப் பிடித்துக்கொண்டாள். மொக்கைச்சாமி மணலை அள்ளிப்போட்டு ரூமில் தீயை அணைத்தான்.

"வெரல மடக்கு தாயி. மடக்கிக் காட்டு."

யோகலட்சுமி அழுதுகொண்டே மடக்கினாள். தோல் சிவந்து ரெண்டு இடத்தில் கொப்பளித்திருந்தது. ஆனால் எல்லா விரலும் மடங்கியது. வள்ளித்தாய்க்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கோட்டைச்சாமி மூச்சிரைக்க ஓடி வந்தார். இரண்டு பெண்களையும் விலக்கிக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"குஞ்சுகளுக்கு ஒண்ணும் ஆகலயே?"

வள்ளித்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். இவரை வெறும் கோமாளி என்று இத்தனை மாதம் சிரித்துவிட்டோமே என்று அவளுக்கு இருந்தது. தொட்டிக்குள் குஞ்சுகள் வாலை ஆட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தன.

"ரெண்டு செத்துப்போச்சு மொதலாளி" என்றாள்.

அவர் வெளிறிப்போனார். "அய்யய்யோ, இதுக்குப் பரிகாரம் உண்டா தாயி?"

"உண்டு. எல்லா ரூம் வாசல்லயும் தொட்டி நெறைய தண்ணி நிக்கணும். தவள வந்தாலும் வராட்டியும், வருசம் பூராவும். ஒரு தொட்டி காஞ்சாலும் தெய்வக் குத்தம்."

"ஏலே மொக்க, லாரிக்குப் போனப் போடுலே!" என்று கத்திக்கொண்டே அவர் ஆபீசுக்கு ஓடினார்.

யோகலட்சுமி ஈரக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள். "நெசமாவே செத்துப்போச்சாக்கா?"

"அதுக ஒண்ணும் சாகல தாயி. அதுகளுக்குத்தான் கேக்க ஆளிருக்கே."