நல்லா பேசுவான் சார்

பாலாஜிக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் சொன்னது என் வீட்டுக்காரர்தான். அதனால்தான் என் வயிறு இன்னும் எரிகிறது.

மாமியார், "ஆம்பளப் பசங்க லேட்டாதான் பேசும்" என்று சொல்லிவிட்டார். நாத்தனார் கஸ்தூரி நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன்; பிள்ளை வாந்தி எடுத்ததுதான் மிச்சம். வீட்டுக்காரர் சகாதேவன் மட்டும் ஒருநாள், மூன்று வயதை நெருங்கும் மகனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய், "எழிலு, இவன் நம்மளப் பாக்கவே மாட்றான். டாக்டர்கிட்ட காட்டிடணும்" என்றார். அன்றைக்கு அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் சோடாக் கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் "அண்ணாமலைக்கு" என்று குரல் கொடுத்துக்கொண்டே போகும். "அரோகரா" என்பான் பாலாஜி. அவனுக்கு வந்த ஒரே வார்த்தை அதுதான். அம்மா கிடையாது, அப்பா கிடையாது. பசித்தாலும் அரோகரா, காக்காயைப் பார்த்தாலும் அரோகரா, வெறும் சுவரைப் பார்த்தும் அரோகரா. கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமிப் பிள்ளை என்று கொஞ்சிவிட்டுப் போவார்கள். அது பேச்சே இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். நானும் அவரும்.

2003-ல் வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் கண், காது எல்லாம் பார்க்கிற மருத்துவ முகாம் போட்டார்கள். பேச்சு வராத பிள்ளைகளுக்கு ஆட்டிசமா என்று பார்த்துச் சொல்கிற டாக்டரும் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். அந்தப் பெயரையே அங்கேதான் கேள்விப்பட்டேன். "இருந்தாலும் பயப்படாதீங்க, பயிற்சி குடுக்கலாம். சீக்கிரம் ஆரம்பிக்கிறதுதான் முக்கியம்" என்று நர்ஸம்மா சொன்னதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தடுப்பும் இல்லை, திரையும் இல்லை. டாக்டர் மேசைக்கு எதிரிலேயே நாற்காலி வரிசை. கண் காட்ட வந்திருந்த ஜோதியம்மாள் எங்களைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். கஸ்தூரியைத் தன் மகனுக்குப் பெண் கேட்டிருப்பவர்.

"கொழந்தைக்கு என்னம்மா?"

"சும்மா செக்கப்புங்க" என்று முந்திக்கொண்டார் என் வீட்டுக்காரர். வெளியாட்களிடம் எதற்கு, டாக்டரிடம் சொன்னால் போதும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

எங்கள் முறை வந்தது.

"பேர் சொன்னா திரும்புறானா?" என்று டாக்டர் கேட்டார்.

"திரும்புவான் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேணுங்கறத விரல் நீட்டிக் காட்டுறானா?"

"காட்டுவான் சார்."

நான் குறுக்கே புகுந்தேன். "இல்ல சார், இவரு..."

"மொதக் கொழந்த சார். இவளுக்குப் பயம் ஜாஸ்தி."

"பேச்சு?"

"நல்லா பேசுவான் சார்" என்றவர், மகனின் காதருகே குனிந்து, "அண்ணாமலைக்கு..." என்றார்.

"அரோகரா!"

மண்டபமே சேர்ந்து சொன்னது, சிரித்தது. ஜோதியம்மாள் பிள்ளைக்குத் திருஷ்டி கழித்தார். டாக்டரும் சிரித்தார். "கேட்டா பதில் சொல்றானே. இன்னும் ஒரு வருஷம் பாருங்க" என்று அடுத்தவர்களைக் கூப்பிட்டார். "சார், அது ஒண்ணுதான் சார் வரும்" என்றேன். அதற்குள் அடுத்த பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும், "கஸ்தூரி கல்யாணம் முடியட்டும் எழிலு. அந்தம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தா நான் என்னா பண்றது?" என்றார்.

பாவி. ஊரே கூடி ஏமாற்றியிருந்தாலும் தாங்கியிருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததை எடுத்து என்னையே குத்திவிட்டாரே.

அவர் தோளிலிருந்த பாலாஜி திடீரென்று அழ ஆரம்பித்தான். உடம்பை வில்லாக வளைத்தான், தன் கையையே கடித்துக்கொண்டான். அவர் அவனை என்னிடம் நீட்டினார். எனக்குக் கை பரபரத்தது. ஆனாலும் வாங்கவில்லை.

"நல்லா பேசுவான்னீங்கல்ல? என்னா வேணும்னு கேளுங்க."

"தண்ணியாடா? பசிக்குதா? எங்கடா வலிக்குது? சொல்றா பாலாஜி!"

"அரோகரா... அரோகரா..." என்று கதறினான் பிள்ளை.

பஸ்ஸுக்கு நின்றிருந்த பெரியவர் ஒருவர் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "என்னா அழகா பேசுறான் உங்க புள்ள!" என்றார் என் வீட்டுக்காரரிடம்.