இடக்கை உயர்த்திய திருக்குழந்தை

நூல்நயம் அறிந்த அன்பரே, இலண்டன் மாநகரின் தென்பாலுள்ள மிச்சம் என்னும் ஊரில், வைகாசிச் சனிக்கிழமையின் மாலைக்கதிர் செங்கல் வீடுகளின் முகட்டிலே தேனென வழிந்து, தண்டவாளங்களைப் பொற்கம்பியாய் ஒளிரச்செய்து, கிறிஸ்துநாயகத்தின் சட்டை அச்சிடும் கடைக்கண்ணாடியைத் தழலெனத் தீண்டிய பொழுதில், உள்ளே அவர் நெஞ்சம் அவ்வொளியினும் மிகக் கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் அவர் மகள் றொசாந்திக்கு மணவுறுதி நிகழவிருந்தது. மின்பணி செய்யும் மணமகன் டெனுசன், இத்தாலியச் செப்புத்தகட்டிற் செதுக்கி அச்சிட்ட பழம்படமொன்றை அன்று நண்பகல் பரிசாக அனுப்பியிருந்தான். அன்னை மடியில் திருக்குழந்தை. ஒருகையில் நெற்றி சிவந்த சிட்டு. மறுகை ஆசிவழங்க உயர்ந்திருந்தது. ஆண்டவரின் நெற்றியில் தைத்த முள்ளைப் அக்குருவி பிடுங்கியபோது தெறித்த குருதியே அதன் நெற்றிச் செம்மையென்றும், துன்பத்திலும் உடன்நிற்பேன் என்பதற்கே இப்படமென்றும் எழுதியிருந்தான். அதைப் படித்து றொசாந்தி முகம் மலர்ந்தாள். தாய் மெற்றில்டாவோ உயர்ந்த கையை மட்டுமே கண்டாள்.

“இடக்கையாலே ஆசீர்வதிக்கிற பாலனை ஆர் நல்ல காரியத்துக்குக் குடுப்பினம்? தாறதும் வாங்கிறதும் வலக்கையாலே எண்டு அந்தப் பெடியனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

மகள் அழைத்துக் கேட்டபோது, குருவியைப் பார்த்துத்தான் வாங்கினேன், கையைக் கவனிக்கவில்லை என்று அவன் உள்ளதைச் சொன்னது தாயின் சினத்தை மேலும் மூட்டியது. ஆறு மணிக்குள் மணமகன் வீட்டாரை வரவேண்டாமெனச் சொல்லிவிடுவதாக மனைவிக்கு வாக்களித்துவிட்டுத்தான், தேவாலயப் பங்கு மக்களின் திருவிழாச் சட்டைகளை முடிக்கக் கிறிஸ்துநாயகம் கடைக்கு வந்திருந்தார்.

சட்டையில் ஒத்தும் தாளில் அச்சிடுமுன் படத்தை இடவலமாகப் புரட்டிக்கொள்வது அவருடைய இருபதாண்டுப் பழக்கம். சினத்தில் அதை மறந்தார். சூடேறிய பொறியை உயர்த்தி, சட்டையில் ஒட்டிய தாளை உரித்தவர் திகைத்தார். திருவிழா நாயகி மருதமடு அன்னையின் பெயர் வலமிருந்து இடமாய் ஓட, அவள் ஏந்திய குழந்தையும் கைமாறி அமர்ந்திருந்தது. ஒருகணம் உற்றுநோக்கியவர், சூடாறாத அச்சட்டையை மார்போடணைத்து, மணி ஆறாகப் பத்து நிமிடமே இருக்க, இளங்காளைபோல் தெருவழியே வீடு நோக்கி ஓடினார்.

மூச்சிரைக்கப் பரிசுப் படத்தைத் தூக்கி முகம்பார்க்கும் கண்ணாடியின்முன் நிறுத்தினார்.

“இஞ்சை பாரும் மெற்றில்டா. செதுக்கினவனும் என்னைப்போலத்தான். பார்த்த படத்தை அப்படியே தகட்டில வெட்டிப்போட்டான். தாளில ஒத்தினவுடனே கை மாறிப்போச்சு.”

கண்ணாடியுள் குழந்தையின் வலக்கை உயர்ந்திருந்தது. மெற்றில்டா படத்தையும் கெட்டுப்போன சட்டையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“செதுக்கினவனுக்கும் அண்டைக்கு வீட்டில ஆரோ நல்லாய் ஏசியிருப்பினம்,” என்றாள்.

றொசாந்தி சிரித்தபடியே தொலைபேசியை நீட்ட, அவர் வாங்கி, “மருமோன், நாளைக்கு நேரத்தோட வாங்கோ. உங்களுக்கு ஒரு சட்டை எடுத்து வைச்சிருக்கிறன்,” என்றார்.

அப்போதுதான் மெற்றில்டா சிட்டைக் கண்டாள். கண்ணாடியுள் அது குழந்தையின் இடக்கையில், நெஞ்சின் அருகே வந்திருந்தது. அதன் சிவந்த நெற்றியை நெடுநேரம் நோக்கிய அத்தாய், மகளின் தலைமேல் முறைப்படி வலக்கையை வைத்தாள். அவளறியாமலே இடக்கையும் எழுந்து மகளை அணைத்துக்கொண்டது. அன்பரே, அன்பு நிறைந்த பொழுதில் எக்கையும் நற்கையே அன்றோ.