ஷர்வினுக்குத் தேவைப்பட்ட ஏழை

கல்லூரி வகுப்புக்கு எடுக்கும் குறும்படத்துக்கு ஷர்வினுக்கு ஓர் ஏழை தேவைப்பட்டாள். கடலைப் பார்த்த சொகுசுக் கொண்டோ வீட்டில் வளர்ந்தவனுக்கு ஏழைகள் எங்கே கிடைப்பார்கள் என்று தெரியவில்லை. "சாந்தினி, உன் அத்தை ஆயர் ஈத்தாம் ஃபிளாட்லதானே இருக்காங்க?" என்று என்னைக் கேட்டான். மலிவு விலை ஃபிளாட் என்றாலே அவனுக்குப் பட்டினிதான்.

என் தனலெட்சுமி அத்தை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சொந்தக் காடியை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர். அதையும் சொன்னேன்.

"பரவால்ல லா. முகம் போதும்," என்றான்.

அவன் இயக்குநர், நான் எடிட்டர். சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் நடிப்பு வராதாம். அதனால் படப்பிடிப்புக்கு என்னை வரவேண்டாம் என்றுவிட்டான். என் மார்க்குக்காக அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவனுக்குக் கொடுத்தார்.

எடிட்டிங் அறையில் அவன் எனக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்து உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். "ஸ்லோ மோஷன் ஆக்கு." "கறுப்பு வெள்ளை ஆக்கு." "வயலின் எங்க?"

"அத்தை ஒரு வார்த்தைகூடப் பேசலையே?"

"பேசினா ஃபீல் போயிடும்."

அவன் சாப்பிடப் போன நேரத்தில், எடுத்த காட்சிகள் முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்தேன். 'கட்' என்று வாயால் சொன்னால் கேமரா தானாக நின்றுவிடும் என்று நினைத்திருப்பான் போல. எல்லாமே பதிவாகியிருந்தது.

"ஆன்டி, அந்த ஐஸ் பெட்டி தெரியக்கூடாது."

"ஏன் தம்பி, ஐஸ் பெட்டி இருந்தா ஏழை இல்லையா?"

அவனும் கூட்டாளிகளும் சிரித்தபடி ஃபிரிட்ஜை அறைக்குள் தள்ளினார்கள். அத்தை கழுத்துச் சங்கிலியைக் கழற்ற வைத்தான். நல்ல சேலையை மாற்றச் சொல்லி, வெளுத்துப்போன ஒரு சாரோங்கைக் கட்ட வைத்தான். மத்தியானம் ஆனதும் அத்தை, "முதல்ல பசியாறுங்க," என்று சோறும் மீன் கறியும் பரிமாறினார். ஷர்வின் மறுசோறு கேட்டு வாங்கி, குழம்பை வழித்துத் தின்றான். பிறகு தன் எச்சில் தட்டையே அத்தை முன்னால் நகர்த்தினான்.

"இப்ப இதப் பார்த்து அழுங்க ஆன்டி. வீட்டுல சோறு இல்ல."

அத்தைக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஷர்வின் கேமராக்காரன் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "இது தேறாது, கண்ணுல வெங்காயத்தத் தேய்க்க வேண்டியதுதான்," என்றான். 'இது' என்றது அத்தையை. தினமும் ஆங்கிலத்தில் வேலை வாங்குகிற அத்தைக்கு அது புரியாமலா இருக்கும்? சிரிப்பு நின்றது. எழுந்து போய், அவரே ஒரு வெங்காயத்தை எடுத்து வந்தார்.

நான் வயலின் இசையைத் தூக்கிப் போட்டேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே வெட்டி ஒட்டினேன். எல்லாருக்கும் புரியட்டும் என்று திரையின் கீழே வசனத்தை மொழிபெயர்த்தும் எழுதினேன். ஒப்படைக்கும் அன்று ஷர்வின் படத்தைப் பார்க்கவில்லை. தன் பெயர் போதுமான அளவு பெரிதாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தான்.

வகுப்பில் படம் ஓடியது. மறுசோற்றுக்குச் சிரித்தவர்கள் வெங்காயம் வந்தபோது அடங்கிப்போனார்கள். ஷர்வினின் காது சிவந்தது. விளக்கைப் போட்டதும் விரிவுரையாளர் இப்ராஹிம் எழுந்து கைதட்டினார். தன்னையே கேலி செய்துகொள்ள ஓர் இயக்குநருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்றார்.

ஷர்வின் எழுந்தான். நெஞ்சில் கை வைத்தான். "ஆரம்பத்திலிருந்தே அதுதான் சார் என் எண்ணம்." சுயநலக்கார இயக்குநராக நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வேறு நெடுநேரம் விளக்கினான். வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கோலாலம்பூரில் நடக்கும் மாணவர் திரைப்பட விழாவுக்கு அனுப்பலாம் என்றார் இப்ராஹிம். அதற்கு அத்தை சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அத்தையிடம் படத்தைக் காட்டினேன். "நல்லாத்தானே சோறு போட்டேன்," என்றார் கடைசியில். பிறகு, "அவனையே வந்து கேக்கச் சொல்லு."

ஷர்வின் ஒரு பிஸ்கட் டின்னோடு அத்தை வீட்டுக்கு வந்தான். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்த அத்தை, யூனிஃபார்மோடு நின்றார். வாசலின் இரும்புக் கிரில் கதவைத் திறக்கவில்லை.

"ஒரே ஒரு கையெழுத்து, ஆன்டி."

"எனக்கு எங்க தம்பி எழுதத் தெரியும்? சோத்துக்கே இல்லாதவ."

"அது நடிப்புதானே, ஆன்டி..."

"அப்படியா? சரி, இப்ப நீங்க அழுங்க. பார்ப்போம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அத்தை பக்கத்தில் கிரிலுக்கு உள்ளே நின்றிருந்தேன். உதவுவேன் என்று உண்மையாகவே நினைத்தான், பாவம். கொண்டுவந்த பிஸ்கட் டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனான்.

மறுவாரம் வகுப்பில் யாரும் கேட்காமலே அறிவித்தான்: விழாக்கள் கலையைக் கெடுக்கின்றனவாம், அதனால் படத்தை அவனே திரும்பப் பெற்றுக்கொண்டானாம். இப்ராஹிம் அதற்கும் தலையாட்டினார்.